மாரியாயி அக்காவின் காலும் மத்தியான பஸ்ஸும்

போன வாரம் தலவாக்கலையில் விடாத மழை. பாடசாலை விட்டு வந்த மகள் நனைந்த கம்பளிக் காலுறைகளைக் கழற்றி, என் மேசைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் மேல் பரப்பிவிட்டாள். அந்தப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வரும் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தது பூனை. திட்டிக்கொண்டே எடுக்கக் குனிந்தேன். குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டேன். ஈரக் கம்பளி, சூடான தூசி, கொஞ்சம் வியர்வை. இவை மூன்றும் சேர்ந்த வாசனை உலகத்திலேயே ஓர் அறைக்கு மட்டும்தான் சொந்தம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"என்னம்மா, நாறுதா?" என்றாள் மகள்.

"நாறத்தான் செய்யுது. இருக்கட்டும், எடுக்காத."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். செருப்பு ஒரு விரற்கடை விலகியிருந்தாலும் நேராக்கி வைக்கிற அம்மாவுக்கு இன்று என்ன வந்தது என்று யோசித்திருப்பாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அன்று மாலை முழுவதும் வேலையே ஓடவில்லை.

அந்த அறை ஹட்டன் பக்கத்து மலையொன்றில், சின்ன அரச வைத்தியசாலை ஒன்றில் இருந்தது. பெயர் வேண்டாமே. படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் பழைய அறை அது. வைத்தியசாலையின் மற்றக் கணினிகளுக்கெல்லாம் தாயாக இருக்கும் பெரிய கணினியை, நாங்கள் சேர்வர் என்போம், அங்கேதான் வைத்தோம். இரவும் பகலும் ஓடும் அது அந்தக் குளிரில் ஓர் அடுப்பு மாதிரி. வந்த வாரமே தாதிமார்களின் காலுறைகள் அதன் பின்னால் தொங்கத் தொடங்கின. அடுத்த வாரம் சிற்றூழியர் ஒருவரின் மப்ளர். பிறகு யாருடையது என்றே தெரியாத ஒரு குழந்தைத் தொப்பி. "உத்தரவின்றி உள்ளே வரக் கூடாது" என்று மும்மொழியிலும் அச்சடித்து, வெளியே மழையில் நனையும் என்று கதவின் உட்புறம் ஓர் ஆணியில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் அதே ஆணியில், என் அறிவித்தலுக்கு மேலேயே, ஒரு சோடி வெள்ளைக் காலுறை. சகுந்தலா மிஸ்ஸியுடையது.

எங்கள் பக்கம் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சகுந்தலா மிஸ்ஸி அங்கே சீனி வியாதி, பிரஷர் கிளினிக்கை நடத்தியவர். குட்டையான உருவம்; குரல் மட்டும் கீழே பஸ் தரிப்பு வரை கேட்கும்.

நான் அப்போது கொழும்பில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிது. வைத்தியசாலைகளுக்குத் தகவல் முறைமைகளை வடிவமைப்பது எங்கள் வேலை. யார் நோயாளி, என்ன நோய், போன முறை என்ன மருந்து, இதெல்லாம் எங்கே தங்க வேண்டும், எந்த வழியாக யார் கைக்குப் போக வேண்டும் என்று முதலில் தாளில் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைவது என் பங்கு. வீட்டுக்கு வரைபடம் போடுவது மாதிரி என்று சொன்னால் சரியாக இருக்கும். அப்பாவுக்குத் தலவாக்கலைக் கடைத்தெருவில் கடை. ஆணி, விளக்குத் திரி, மரக்கறி விதை, குடைக்கம்பி எல்லாவற்றுக்கும் தனித்தனி இழுப்பறை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர். பள்ளிக்கூட விடுமுறைகளில் நானே எழுதி ஒட்டியவை. பல்கலைக்கழகத்தில் தரவுத்தளம் பற்றி முதல் விரிவுரை கேட்டபோது, இது நம்ம கடைதானே என்று தோன்றியது. அப்பாவுக்கும் என் வேலை அப்படித்தான் விளங்கியிருந்தது. வாடிக்கையாளர்களிடம், "மக ஆஸ்பத்திரிக்கு அலமாரி செஞ்சு குடுக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் வந்து தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும், தேக்கில் செய்வீர்களா என்று கேட்டிருக்கிறார்.

என்னோடு வந்தவன் நிமால். குருநாகல் பையன். என் பெட்டிகளையும் அம்புகளையும் ஓடுகிற மென்பொருளாக மாற்றுவது அவன் வேலை. வந்த முதல் நாளே இரண்டு சுவெட்டர், ஒரு குல்லாய், கழுத்தைச் சுற்றித் துவாய். "அக்கா, இங்க மனுசங்க எப்படி உயிரோட இருக்காங்க?" என்று சிங்களத்தில் கேட்டான். ரொட்டியும் உறைப்பான கட்டச்சம்பலும் சாப்பிட்ட பிறகு அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். அந்த மண்டபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிந்தவுடனே முதல் பஸ் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு தோட்டத்து பஸ்ஸாக வரும். நீளமான மர வாங்குகளில் சுவெட்டரும் சால்வையுமாகப் பெண்கள். ஓரமாக நாலைந்து ஆண்கள், வாய் திறக்காமல். சுவரோரம் குடைகளின் வரிசை, அதன் கீழே ஒரு சின்ன ஆறு. யாருக்குக் கல்யாணம் முற்றாகியிருக்கிறது, எந்தத் தோட்டத்தில் மனேஜர் தொரை மாறியிருக்கிறார், எந்த லயத்து வீட்டில் கூரைத் தகரம் பறந்தது எல்லாமே அங்கேதான் தெரியவரும். ஹட்டன் சந்தையில் கூட அவ்வளவு செய்தி கிடைக்காது.

அந்த வாங்கில்தான் மாரியாயி அக்காவைப் பார்த்தேன். கல்லுப்பாலத் தோட்டத்து மேற்பிரிவு. கொழுந்து எடுப்பவர். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று இடது பாதத்தில் குத்தி, சீனி இருந்ததால் ஆறாமல் புண்ணாகியிருந்தது. மாற்றலாகிப் போகவிருந்த பழைய டொக்டர் மிஸ்ஸியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்: வாரம் தவறாமல் கழுவிக் கட்ட வேண்டும், சீனி மருந்து தவறக் கூடாது, தவறினால் கண்டிக்கு அனுப்பிக் காலை எடுக்க வேண்டி வரும். இதை மிஸ்ஸி மண்டபமே கேட்கும்படி அவருக்குச் சொன்னார்.

"காலு போச்சின்னா மலைக்கி எப்புடிங்க ஏறுறது? பறந்தா போறது?" என்று மாரியாயி அக்கா சிரித்தார். சிரித்துவிட்டுப் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். பயம் இருந்தது.

சிக்கல் புண்ணில் மட்டும் இல்லை. அவருடைய மேற்பிரிவு வரை ஏறிப்போகும் பஸ் மத்தியானம் ஒன்றுதான். அதை விட்டால் அடுத்தது பின்னேரம். அதுவும் கீழே சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து செங்குத்தாகக் குறுக்குப்பாதை. அதில் ஏறினால் வாரம் முழுக்க ஆறிய புண் ஒரே ஏற்றத்தில் பிளந்துவிடும். ஒருமுறை அப்படி ஆன பிறகு, அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவே இல்லை. ஆகவே அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம் இருந்தது: மாரியாயி மத்தியான பஸ்ஸை விடக் கூடாது.

எல்லோருக்கும் என்று சொன்னேன். சரியாகச் சொன்னால், எனக்கும் நிமாலுக்கும் மட்டும் தெரியாது.

நாங்கள் கிளினிக் நடப்பதைப் பார்க்காமல் வடிவமைத்துவிடவில்லை. வந்தவர்களுக்கு வந்த வரிசையில் நம்பர் துண்டு கொடுக்கிறார்கள். நம்பரைக் கூப்பிட்டால் ஒருவர் எழுந்து, தம் நோய் விபரம் எழுதிய கிளினிக் கொப்பியோடு உள்ளே போகிறார். இதை வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்து, அழகாக வரைந்துகொண்டேன். பதிவு மேசையில் நம்பரை அச்சடித்தவுடன் அந்த நம்பரோடு நோயாளியின் முழு விபரமும் இணைந்துவிடும். டொக்டர் நம்பரைத் தட்டினால் போதும். பெயர், நோய், போன வாரத்துப் புண், எல்லாம் திரையில். நோயாளி கொப்பி சுமக்க வேண்டியதில்லை, டொக்டர் பழைய கையெழுத்துகளோடு போராட வேண்டியதில்லை. அந்த வரைபடத்தில் கோடுகள் ஒன்றையொன்று ஓரிடத்திலும் வெட்டவில்லை. அன்றைய நாட்குறிப்பில் "வரைபடம் முடிந்தது. மிக அழகு" என்று எழுதியிருக்கிறேன். மழை, மரக்கறி விலை தவிர வேறெதையும் பெரிதாக எழுதாத எனக்கு அது ஒரு கவிதை.

முதல் பரீட்சார்த்த நாள். பழைய விபரங்களைச் சரிபார்க்க எல்லோருடைய கொப்பிகளையும் காலையிலேயே வாங்கி பதிவு மேசையில் அடுக்கிக்கொண்டோம். மிஸ்ஸி மண்டபத்தின் நடுவில் நின்று அறிவித்தார்:

"இந்தா பாருங்க, இனிமே உள்ள போயி அது இதுன்னு கத சொல்ல வேணாம். எல்லாம் கம்பியூட்டர்ல இருக்கு. டொக்டர் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க!"

புதிய டொக்டர் பதுளைக்காரர், அந்த வாரம்தான் வந்தவர்; யாருடைய முகமும் பழக்கமில்லை. ஆனால் திரை பிடித்துப்போய்விட்டது. நோயாளிகள் மளமளவென்று உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். நிமால் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். துவாயைக்கூடக் கழற்றியிருந்தான்.

மத்தியானம் நெருங்கும்போது டொக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் வியப்பு.

"இங்க வாங்க, வந்து பாருங்க. இப்புடியொரு புண்ணு இவ்வளவு சுத்தமா ஆறி நான் பாத்ததே இல்ல. தழும்புகூட இல்லீங்க!"

உள்ளே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியின் மேல் இடது பாதத்தை நீட்டியிருந்தார். நல்ல பாதம்.

"எந்த எடத்துலம்மா இருந்துச்சு?" டொக்டர் குனிந்து கேட்டார்.

"எதுங்க?"

"புண்ணு."

"எனக்கு கால்ல புண்ணே வந்ததில்லீங்களே."

"மத்தக் கால நீட்டுங்க."

அவர் பணிவாக மற்றக் காலையும் நீட்டினார். அதுவும் நல்ல பாதம். டொக்டர் திரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க டொக்டர், இருக்கணுங்களா?"

அப்போது மருந்துத் தட்டோடு மிஸ்ஸி உள்ளே வந்தார். "புஷ்பம், நீ என்னாடி காலத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க?"

திரையில் இருந்த பெயர் மாரியாயி.

"மாரியாயி எங்க?" என்றார் மிஸ்ஸி.

"அவுங்க அப்பவே போயிட்டாங்க மிஸ்ஸி. நான் டவுன் பக்கம், நடந்து போயிருவேன். அவுங்க மத்தியான பஸ்ஸப் புடிக்கணும்ல. எப்பயும் போல என் நம்பர அவுங்களுக்குக் குடுத்துட்டு அவுங்க நம்பர நான் வாங்கிக்கிட்டேன்." புஷ்பம் இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். பெருமைக்குரிய காரியம்தானே.

விளங்கிவிட்டதா? மிகத் தூரத்துத் தோட்டத்து பஸ் கடைசியாக வரும். ஆகவே அவர்களுக்குக் கடைசி நம்பர். ஆனால் முதலில் திரும்பிப்போக வேண்டியவர்களும் அவர்களே. பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் வந்து முதல் நம்பர்களை வாங்கி, தூரத்து ஆட்களுக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடுவார்கள். வெற்றிலை மடிப்பு கைமாறுவது போல, பேச்சை நிறுத்தாமலே. நான் பார்த்த நாட்களிலும் என் கண்முன்னால் அது நடந்திருக்கிறது. எனக்குக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. அப்போதெல்லாம் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. நம்பர் வேறாக இருந்தாலும் ஆள் தன் கொப்பியோடுதானே உள்ளே போனார். நம்பரையும் ஆளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, கொப்பியையும் பிடுங்கி வைத்தது என் மிக அழகான வரைபடம்.

டொக்டருக்கு நினைவு வந்துவிட்டது. "காலையில வந்தாங்க. புஷ்பம்னு போட்டிருந்துச்சு, வெறும் பிரஷர். நல்லா இருக்கான்னு கேட்டேன், நல்லா இருக்குன்னாங்க. பிரஷர் மாத்திர குடுத்து அனுப்பிட்டேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "காலப் பாக்கவே இல்ல. சீனி மருந்தும் குடுக்கல."

கீழே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

முதலில் ஓடியது நிமால். மழையில் படிகளில் தாவிக்கொண்டு, துவாய் பறக்க, குடையில்லாமல். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் பஸ்ஸின் மிதிபலகையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "மாரியாயி! மாரியாயி!" பஸ்ஸுக்குள் மூன்று மாரியாயிகள் எழுந்து நின்றார்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு பஸ்ஸுக்கு மூன்று மாரியாயி அதிகமில்லை. அவனுக்கு அப்போது தெரிந்த தமிழில் உதவக்கூடிய சொல் ஒன்றுதான் இருந்தது. "கால்! கால்!" என்றான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள்.

"எறங்குங்க மாரியாயி, கால் கழுவணும்" என்று மிஸ்ஸி கீழே நின்று கூப்பிட்டார்.

"எறங்க மாட்டேன் மிஸ்ஸி. எறங்குனா பஸ்ஸு போயிரும்."

"போவாது, நான் சொல்றேன்ல."

"போன தடவயும் அப்புடித்தான் சொன்னீங்க."

சாரதி திரும்பிப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கழற்றி, ஆசனங்களுக்கு மேலாகக் கையை நீட்டினார். "இந்தாங்கக்கா, நீங்களே வச்சிக்கிங்க. இப்ப எப்புடி போவுதுன்னு பாப்போம்."

சாவி கைக்குக் கை மாறி மாரியாயி அக்காவிடம் வந்தது. அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அப்புறமும் இறங்கவில்லை. முன் ஆசனத்துக்கு வந்து உட்கார்ந்து, காலை மட்டும் வாசல் பக்கம் நீட்டினார். டொக்டர் மிதிபலகையில் ஏறிக் குந்தினார். நிமால் டொக்டருக்குக் குடை பிடிக்க, நான் தட்டைப் பிடிக்க, மிஸ்ஸி கட்டை அவிழ்த்தார்.

"உள்ள வந்தப்ப ஏம்மா கால் புண்ணப் பத்திச் சொல்லல?" டொக்டர் கேட்டார்.

"கம்பியூட்டர்ல எல்லாம் இருக்குன்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க அத. தெரியும்னு நெனச்சேன்."

டொக்டர் இன்னும் குனிந்து புண்ணைப் பார்த்தார். மிஸ்ஸி தலையைத் தூக்காமல் பஞ்சை நனைத்தார். பஸ் சும்மா இருக்குமா?

"நல்லா அமுத்திக் கழுவுங்க மிஸ்ஸி, அக்கா பொய்யா கத்துது."

"டொக்டர், வந்ததுதான் வந்தீங்க, அப்புடியே எங்களுக்கும் ஒருக்கா பிரஷர் பாத்துட்டுப் போங்க."

"தொரைக்குக்கூட இந்த மாதிரி பஸ்ஸுக்கு டொக்டர் வந்ததில்ல. மாரியாயிக்கி வந்திருக்கு பாருங்க மவுசு!"

"சீக்கிரம் கட்டுங்க, என் வீட்டுல பருப்பு ஊறுது."

"ஊறுனா நல்லதுதானக்கா, சீக்கிரம் வேகும்."

புண் மோசமாகவில்லை என்று டொக்டர் சொன்னதும் பஸ்ஸே ஒரு மூச்சு விட்டது. பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு சீனி மருந்தைக் கொடுத்தோம். மாரியாயி அக்கா தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் திருப்பி அனுப்பினார். வளைவில் மறையும் வரை பஸ்ஸுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் காலுறை அறையில் கூட்டம். குளிரில் நடுங்கிய நிமால் சேர்வரை ஏறக்குறையக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். விரல் ரேகை பதியும் கருவி ஒன்று வாங்கினால் யாரும் மாற முடியாது என்றான். கொழும்பிலிருந்து ஒன்றை வரவழைத்தும் பார்த்தோம். கொழுந்து ஆய்ந்து ஆய்ந்து சாயம் ஏறித் தேய்ந்திருந்த விரல்கள் எதையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. அது உடனே அடையாளம் கண்ட ஒரே விரல் சகுந்தலா மிஸ்ஸியுடையது. அந்தக் கருவியும் அவருக்குப் பயந்துவிட்டது என்றான் நிமால்.

"அப்பன்னா, நம்பர மாத்தக் கூடாதுன்னு நோட்டிஸ் ஒட்டுவோமா?" என்றேன்.

"ஒட்டுங்க. அதுலயும் காலொற காயப்போட எடமிருக்கும்ல" என்றார் மிஸ்ஸி.

நான் வரைபடத்தை எடுத்து விரித்தேன். நம்பரும் ஆளும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பிரித்தேன். ஆளுக்குக் கொப்பி: அட்டையில் பார்கோட் என்கிற கோட்டுக் குறியீடு ஒட்டி, அதைக் காட்டினால்தான் விபரம் திறக்கும். நம்பர் வெறும் இடம். யார் கையில் இருந்தாலும் பாதகமில்லை. சரி, அந்த இடத்தை எதை வைத்துக் கொடுப்பது? வந்த நேரத்தை வைத்தா? அந்த மண்டபம் ஒருநாளும் அப்படி நடக்கவில்லையே. திரும்பிப் போகிற நேரத்தை வைத்துத்தான் நடந்தது. ஆக, ஒரு புதிய பெட்டி வரைந்து உள்ளே எழுதினேன்: பஸ்.

நிமால் வெகுநேரம் சிரித்தான். பிறகு என்னைவிட அவன்தான் அதில் மூழ்கிப்போனான். பஸ் நேரங்கள் வேண்டுமே? டிப்போவில் தொங்கிய அட்டவணைக்கும் மலையில் ஓடிய பஸ்களுக்கும் சம்பந்தம் குறைவு. ஆகவே கிளினிக் இல்லாத நாட்களில் நாங்களே ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறினோம். அந்த வாரங்களைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்ததே இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு முழு நாள் போனோம்; பனி விலகி விலகி மூட, யாரோ எங்கள் மடியில் ஒரு கூடை லீக்ஸை வைத்துவிட்டு இறங்கும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். நான் நேரங்களைக் கோடு போட்டு எழுதினேன். நிமால் நடத்துனர்களோடு சிநேகமாகித் தமிழ் கற்றான். மத்தியான பஸ்ஸின் சாரதி சாப்பாடு பிடித்திருந்தால் தங்கை வீட்டில் கூடுதலாகக் கொஞ்சநேரம் இருப்பார் என்று ஒரு நடத்துனர் சொன்னார். அதற்கும் அட்டவணையில் ஒரு நிரல் வேண்டும் என்று நிமால் பிடிவாதம் பிடித்தான். கொடுக்கவில்லை. எதற்கும் ஓர் அளவு உண்டு.

அதன் பிறகு பதிவு மேசையில் முதல் கேள்வியே "எந்த பஸ்ல போறீங்க?" என்பதுதான். மத்தியான பஸ்காரர்கள் முதலில், நடந்து போகிறவர்கள் கடைசியில். பஸ் பழுதாகிவிட்டால் தட்டுவதற்கு ஒரு பொத்தானும் வைத்தோம்: "பஸ் வரவில்லை". அதைத் தட்டினால் அந்த பஸ்காரர்கள் வரிசையில் கீழே இறங்கி அடுத்தவர்கள் மேலே வருவார்கள். அதைத் தட்டும் உரிமை மிஸ்ஸிக்கு மட்டும். தட்டும்போதெல்லாம், "போச்சுடா, பஸ்ஸு படுத்திருச்சு!" என்று ஒரு முழக்கம், கீழே இறங்கியவர்கள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். "இது நோயாளர் தகவல் முறைமையா, பஸ் கம்பெனியா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் எழுதி வைத்திருந்த விளக்கம் நாலு பக்கம். அதை எடுப்பதற்குள் மிஸ்ஸி சிங்களத்திலேயே சொன்னார்: "நோய் எப்படியும் வந்துரும் சேர். நோயாளி பஸ்லதான் வரணும்." அதிகாரி மண்டபத்தை எட்டிப் பார்த்தார், குடைகளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். என் நாலு பக்கத்தை இன்றுவரை யாரும் படிக்கவில்லை.

மாரியாயி அக்கா ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவில்லை. தேயிலை பூத்து முடிந்த ஒரு பருவத்தில் டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இனிக் கட்ட வேண்டாம் என்றார். இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு மட்டும். டொக்டர் என்னைக் கூப்பிட்டார், நிமாலைக் கூப்பிட்டார், மருந்துக் கவுண்டரில் இருந்தவர்களையும் கூப்பிட்டார். மாரியாயி அக்கா முக்காலியில் பாதத்தை நீட்டி வைத்து, எல்லோரும் வந்து நின்றதும் சொன்னார்:

"நல்லாப் பாத்துக்கிங்க டொக்டர். இது என் காலுங்க. புஷ்பத்தோட காலு இல்ல."

வெளியே வாங்கில் இருந்த புஷ்பத்துக்கும் அது கேட்டது. அன்று மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் நிமாலின் குரல்தான் உரக்க. அவனுக்கு அதற்குள் அந்த அளவு தமிழ் வந்திருந்தது.

இப்போது நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு முறைமை வந்துவிட்டது. நல்ல முறைமை, வேகமானது, எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. விபரங்கள் எல்லாம் எங்கோ தூரத்துச் சேர்வரில் இருக்கின்றன. அந்த அறையில் மறுபடி படுக்கை விரிப்புகள், குளிர்ந்துபோய். நிமால் வெளிநாட்டில், இங்கிருந்ததைவிடக் குளிரான ஓர் ஊரில். சகுந்தலா மிஸ்ஸி ஓய்வுபெற்று மகனோடு மாத்தளையில் இருக்கிறார். புதிய முறைமையில் பஸ் என்ற பெட்டி இல்லை. அதில் தப்பும் இல்லை, ஏனென்றால் அந்த மத்தியான பஸ்ஸே இல்லை. மேற்பிரிவு வரை கொங்கிரீட் பாதை போட்ட பிறகு லயத்துக்கு லயம் ஓட்டோ நிற்கிறது. பஸ்ஸில் ஏற ஆள் இல்லாமல் அதை நிறுத்திவிட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனபோது மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைதான். ஆனால் ஆளுக்கொரு நேரம் கொடுத்திருப்பதால் வாங்குகள் பெரும்பாலும் காலி. மூலையில் மாரியாயி அக்கா. தலை நரைத்திருந்தது. மருந்துப் பை மடியில் இருந்தது, வேலை முடிந்துவிட்டிருந்தது.

"மருந்து எடுத்தாச்சாக்கா? போகலியா?"

"போவணும். பேரன் ஓட்டோ வச்சிருக்கான், சொன்னா ஓடி வருவான்." பக்கத்தில் வாங்கைத் தட்டிக் காட்டினார். "ஒக்காருங்க. இப்ப போயி என்னா செய்யப் போறோம்?"

உட்கார்ந்தேன். யார் வீட்டில் கல்யாணம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு நிதானமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் ஒரு காது பாதைப் பக்கமே இருக்கும். ஹோர்ன் கேட்டால் கதை பாதியில் நிற்கும், மீதிக்கு அடுத்த செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். இன்று எல்லாவற்றையும் முடிவு வரை சொன்னார். சொல்லி முடித்ததும், அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர் போல, இரண்டு கால்களையும் காலி வாங்கின் மேல் நீட்டிவிட்டுக்கொண்டு, வெளியே பாதையைப் பார்த்தார்.